வலது பட்டன்

மார்ச் 9

அண்ணிக்கு,

வீட்டு நம்பருக்கு அடித்தால் அண்ணன் எடுக்கிறான். "குளிக்கிறா" என்கிறான், "மீட்டிங்ல இருக்கா" என்கிறான். நேற்று, "அவளைக் கொஞ்ச நாளைக்கு விட்டுடு சிட்டு, ப்ளீஸ்" என்றான். உங்கள் கைபேசி மணி அடிப்பதற்குள் தானே கட்டாகிவிடுகிறது. அதனால்தான் தலைமை அலுவலக முகவரிக்கு எழுதுகிறேன். கடிதத்திடம் யாரும் நீங்கள் குளிப்பதாகச் சொல்ல முடியாது.

என்னைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்த உத்தரவு வந்துவிட்டது. "பணியாளர் கவனக்குறைவாகத் தவறான கட்டளையைத் தட்டச்சு செய்ததால்" என்று ஆரம்பிக்கிறது. நான் எதையும் தட்டச்சு செய்யவில்லை என்பது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான், இன்னொருத்தி நீங்கள்.

முதல் விசாரணையில் என்னை ஒழுங்காகப் பேசவே விடவில்லை. எதைச் சொன்னாலும் "ஆமாவா, இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார்கள். உங்களிடமாவது நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

அன்று காலை மவுஸ் நகரவில்லை. கறுப்புத் திரையில் அந்தச் சின்ன வெள்ளைக் கட்டம் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. உங்களுக்குத்தான் போன் செய்தேன். "மெஷினை ஒரு தடவை அணைச்சுப் போடு, சரியாயிடும்" என்றீர்கள். அணைத்துப் போட்டேன், சரியாகிவிட்டது. மதியம் நிலையத்தின் மூன்றாம் குடிநீர்த் தொட்டியில் தண்ணீரை வடித்தோம். கழுவுவதற்குப் பாட்டுக்காரர் இறங்கினார். அவரை உங்களுக்குத் தெரியாது. காலித் தொட்டிக்குள் குரல் கணீரென்று கேட்கிறது என்று, இறங்கியவுடன் பாட ஆரம்பித்துவிடுவார். என் ஜன்னல் வரைக்கும் வரும். நன்றாகப் பாடுவார் என்று சொல்ல முடியாது.

ஷிஃப்ட் முடிகிற நேரம். அன்று கொடுத்த கட்டளைகளைத் திரையில் வரவழைத்து, அறிக்கையில் போடுவதற்காக மவுஸால் பிடித்தேன். நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியேதான். முதல் வரி மேல் மூன்று க்ளிக், கடைசி வரியில் வலது பட்டன். இடையில் இருக்கிற வரிகளெல்லாம் வெளுத்துத் தேர்வாகிவிடும். பிறகு ஆல்ட்டோடு எஃப்-டூவை அழுத்தினால் அறிக்கைத் திரை வரும், அங்கே நடு பட்டனை அழுத்தினால் அத்தனையும் வந்து விழும். தினமும் செய்கிற வேலை. அன்று வலது பட்டனை அழுத்தியபோது ஒன்றும் வெளுக்கவில்லை. அதற்குப் பதிலாகத் திரையின் அடியில், 'மூன்றாம் வால்வைத் திற' என்ற காலைக் கட்டளை, தொட்டிக்குள் தண்ணீர் விடுகிற கட்டளை, தானே வந்து உட்கார்ந்தது. என்டரையும் அதுவே போட்டுக்கொண்டது.

மூடச் சொல்லி உடனே அடித்தேன். அந்த வால்வு திறக்கிற வேகத்தில் மூடாது. ஜன்னலில் பாட்டு நின்றுபோயிருந்தது.

சாயங்காலம் விசாரணைக்காரர்கள் வருவதற்கு முன்பே நீங்கள் வந்தீர்கள். என் தலையைத் தடவினீர்கள். மேசைக்கு அடியில் குனிந்து மவுஸைப் பிடுங்கி, வயரைச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டீர்கள். பிறகு மெஷின் முன்னால் உட்கார்ந்து என்னென்னவோ அடித்தீர்கள். "இது இங்க இருந்துச்சுன்னு யார்கிட்டயும் மூச்சு விடாதே. நான் பார்த்துக்கறேன்" என்றீர்கள். நான் மூச்சு விடவில்லை.

எப்போது பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள்?

சிட்டு


மார்ச் 15

அன்புள்ள சிட்டு,

உன் கடிதத்தை அலுவலகத் தபால் பிரிவில் பிரித்துவிட்டார்கள். நல்ல வேளை, பிரித்த பையன் முதல் பத்தியோடு நிறுத்திவிட்டதாகச் சொன்னான். இனிமேல் எழுதுவதென்றால் உறையின் மேல் 'சொந்தக் கடிதம்' என்று போடு.

நான் ஓடி ஒளிகிறேன் என்று நினைக்கிறாய். நான் போனை எடுத்து உன்னிடம் பேசியது நாளைக்கு விசாரணையில் வெளிவந்தால் என்ன சொல்வாய்? இரண்டு பேரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டார்கள் என்பார்கள். ஏற்கெனவே உனக்கு அந்த வேலை அண்ணியின் தயவில் கிடைத்தது என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒன்றை நினைத்துப் பார். கட்டுப்பாட்டு மெஷினில் கீபோர்டு மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது எழுதி வைத்த விதி. அந்த விதியை நான் எனக்காக மீறவில்லை. உன் வலது மணிக்கட்டு வீங்கி, நீ என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாய். "நாள் பூரா அடிச்சு அடிச்சுக் கை செத்துப்போச்சு அண்ணி, ஒரு மவுஸ் மட்டும் வெச்சுக் கொடுங்க" என்றாய். வைத்துக் கொடுத்தேன். அன்றைக்கே சொன்னேன், மூன்று க்ளிக் செய்தால் வரியோடு சேர்த்து வரி முடிவும் பிடிபடும், ஒட்டினால் என்டர் அடித்த மாதிரி ஓடிவிடும், கட்டளைத் திரையில் கவனமாக இரு என்று. அது உனக்கு ஞாபகம் இருக்காது.

விஷயத்தை அறிவோடு பார். விரல் அடித்ததா, மவுஸ் ஒட்டியதா என்று அந்த மெஷினுக்குத் தெரியாது. இரண்டுமே அதற்கு வெறும் எழுத்துதான். பதிவில் இருப்பது கட்டளை ஒன்றுதான். உன் மேல் இருப்பது கவனக்குறைவு. கொஞ்ச காலம் சம்பளத்தை வெட்டுவார்கள், திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அதோடு அந்த வால்வின் கைச்சக்கரத்துக்குப் பூட்டுப் போடாமல் ஆளை இறக்கிய சூப்பர்வைசரும் இருக்கிறார், பாதிப் பழி அவருக்குப் போகும். மவுஸ் வெளியே வந்தால் என் கதை அப்படி இல்லை. விதிமீறல், அதற்கு மேல் தடயத்தை எடுத்தது. வேலை போகும், வழக்கும் வரும்.

என் வேலை போனால் யாருடைய வைத்தியம் நிற்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் அம்மாவுக்கு வாரம் தவறாமல் ரத்தம் சுத்திகரிப்பது என் அலுவலக மருத்துவ அட்டையில்தான். நேற்றுகூட ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது உன்னை விசாரித்தார்கள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன் அண்ணி


மார்ச் 24

அண்ணிக்கு,

சொந்தக் கடிதம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். திருப்திதானே.

மணிக்கட்டுக்காக அழுதது நான்தான். மறுக்கவில்லை. அழுதவள் மேல் பழியைப் போட அந்த அழுகை இப்படிப் பயன்படும் என்று தெரிந்திருந்தால் வலியோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

பாட்டுக்காரரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் அவர் மனைவி என்னை மறித்துக்கொண்டார். திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் திட்டவில்லை. "எந்த விரலும்மா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "அந்த எழுத்தை அடிச்ச விரல் எது? சும்மா பாக்கணும், காட்டு" என்றார். நான் இரண்டு கையையும் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன், அண்ணி. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறதாம். இனி நடக்க மாட்டார் என்று வெளியே வந்து நர்ஸ்தான் சொன்னார்.

இப்போது ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்களுக்கு ரசீது போடுவது, தூசி தட்டுவது. கடைக்காரர் நல்ல மாதிரி. மூலையில் கிடந்த பழைய பெட்டி ஒன்றில் நம் நிலையத்தில் இருப்பதையே போட்டுத் தரச் சொன்னேன். அதே கறுப்புத் திரை, அதே மவுஸ் புரோகிராம். எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. இத்தனை மாதம் தேர்வை நீட்டிய வலது பட்டன் அன்றைக்கு மட்டும் ஏன் ஒட்டியது?

தெரிந்துவிட்டது. மெஷினைப் போட்டவுடன் அது எந்த மவுஸையும் இரண்டு பட்டன் மவுஸ் என்றுதான் எடுத்துக்கொள்கிறது. இரண்டு பட்டன் மவுஸில் ஒட்டுகிற வேலை வலது பட்டனுடையது. நடு பட்டனை ஒரே ஒரு தடவை அழுத்திவிட்டால்தான், ஓகோ, இதற்கு மூன்று பட்டன் என்று அதற்கு உறைக்கிறது. அதற்குப் பிறகுதான் வலது பட்டன் நீட்டும், நடு பட்டன் ஒட்டும். மவுஸ் வைத்துக் கொடுத்த அன்று நீங்களே நடு பட்டனை அழுத்தி, "பாரு, இப்படித்தான்" என்று காட்டினீர்கள். அதற்குப் பிறகு அந்த மெஷினை யாரும் அணைக்கவே இல்லை. அணைக்கச் சொன்னது நீங்கள். போட்ட பிறகு நடு பட்டனை ஒரு தடவை அழுத்து என்று நீங்கள் சொல்லவில்லை.

கடையில் இதைச் செய்து பார்த்தபோது அந்தப் பழைய பெட்டியில் ஒரு வரி தானே ஓடியது. எதுவும் திறக்கவில்லை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கடைக்காரர், "ஏம்மா இப்படி வேர்க்குது?" என்றார்.

எனக்கு ஒரு பதில் போதும். இது உங்களுக்கு முன்பே தெரியுமா?

சிட்டு


ஏப்ரல் 2

சிட்டு,

முன்பே தெரியாது. விபத்து நடந்த அன்று சாயங்காலம் உன் மெஷினில் உட்கார்ந்து ஏதோ அடித்ததாக எழுதியிருந்தாயே, அப்போது முதலில் திறந்தது அந்தப் புரோகிராமின் கையேட்டைத்தான். அதில் இரண்டே வரியில் போட்டிருக்கிறது. படித்துவிட்டு, மூடிவிட்டு, பிறகுதான் அந்தப் புரோகிராமை மெஷினிலிருந்து அழித்தேன்.

இதைப் படித்த பிறகு என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள். ஆனால் யோசி: நான் அணைத்துப் போடச் சொன்னது உதவிக்கு. மவுஸ் வைத்தது உதவிக்கு. உனக்கு உதவி செய்யாமலே இருந்திருந்தால் நான் இன்று நிம்மதியாக இருந்திருப்பேன். இப்போது உன் அண்ணன் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை, காரணமும் கேட்பதில்லை. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய்விடுகிறான்.

இறுதி விசாரணை பத்தொன்பதாம் தேதி. தொழில்நுட்ப விளக்கம் கொடுக்க என்னையே வரச் சொல்லியிருக்கிறார்கள். வேறு ஆளைப் போடும்படி கேட்டேன், கேட்டதே சந்தேகமாகிவிடும் போலிருந்தது, விட்டுவிட்டேன். நான் பொய் சொல்ல மாட்டேன். அதை மட்டும் நம்பு. நீயும் தேவையில்லாமல் எதையும் இழுக்காதே. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்.

அம்மாவுக்குக் கையில் ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறது. வேறு கைக்கு மாற்றுகிறார்கள். உன்னிடம் சொல்லச் சொன்னார்கள்.

அண்ணி


ஏப்ரல் 21

அண்ணிக்கு,

நீங்கள் பொய் சொல்லவில்லை. உண்மைதான்.

நான்தான் தேவையில்லாமல் இழுத்தேன். "நான் டைப் பண்ணல சார், மவுஸ் ஒட்டிடுச்சு" என்றேன். விசாரணைக் குழுத் தலைவர் என்னை விட்டுவிட்டு உங்கள் பக்கம் திரும்பினார். "இந்த மாதிரி கறுப்புத் திரையில மவுஸ் வேலை செய்யுமா?" என்றார். "அதுக்குன்னு தனியா ஒரு புரோகிராம் ஓடணும் சார்" என்றீர்கள். "அந்த மெஷின்ல அது இருக்கா?" என்றார். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "இல்லை" என்றீர்கள்.

இருக்கிறதா என்றுதான் அவர் கேட்டார். இருந்ததா என்று கேட்கவில்லை. நீங்களும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னீர்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்ததை நீங்களே அழகாகச் செய்து காட்டினீர்கள்.

பிறகு என்னிடம், "சரி, மவுஸ் இருந்துதுன்னே வெச்சுக்குவோம். யாரும்மா வெச்சது?" என்றார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் தாளைப் பார்த்தீர்கள். அந்த நிமிடம் எனக்கு உங்கள் முகம் தெரியவில்லை அண்ணி, அம்மாவின் கைதான் தெரிந்தது. "தெரியல சார்" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

இன்று பணிநீக்க உத்தரவு வந்துவிட்டது. கவனக்குறைவு, அதோடு விசாரணையைத் திசைதிருப்பப் பொய் சொன்னது. சூப்பர்வைசருக்கு எச்சரிக்கை மட்டும். கொஞ்ச காலம் சம்பளத்தை வெட்டுவார்கள் என்ற உங்கள் கணக்கு தப்பிவிட்டது.

எனக்காக இனி ஒன்றும் கேட்கவில்லை. வேறொன்று கேட்கிறேன். வடக்கு நிலையத்து அக்கா போன் செய்தார். அவர் மெஷினிலும் மவுஸ் இருக்கிறதாம். நீங்கள்தான் வைத்துக் கொடுத்தீர்களாம். ஆற்றோர நிலையத்திலும் இருக்கிறதாம். அங்கேயெல்லாம் மெஷினை அணைத்துப் போட மாட்டார்களா? அங்கேயும் தொட்டிக்குள் ஆள் இறங்க மாட்டாரா? அந்த அக்காவிடம் நடு பட்டன் விஷயத்தைச் சொன்னேன். "வேலையை விட்டுத் துரத்தினவ சொல்றான்னு நான் போய் யாருகிட்ட சொல்றது?" என்றார். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். உங்கள் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கிறது.

எல்லா நிலையத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். மற்றதெல்லாம் போகட்டும்.

சிட்டு


மே 6

சிட்டு,

எழுதிவிட்டேன். சுற்றறிக்கை எல்லா நிலையங்களுக்கும் போய்விட்டது, மவுஸ்களையும் திரும்பப் பெற்றுக்கொண்டோம். நகல் இதோடு இருக்கிறது. மூன்றாவது பத்தியைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும், அதனால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

"அண்மையில் ஒரு நிலையத்தில், பணியாளர் ஒருவர் அனுமதியின்றித் தாமே மவுஸை இணைத்துப் பயன்படுத்தியதால் விபத்து நேர்ந்தது" என்று எழுதியிருக்கிறேன்.

காரணம் இல்லாமல் சுற்றறிக்கை போட முடியாது. மவுஸ் அங்கே எப்படி வந்தது என்று யாரையாவது குறிப்பிட்டாக வேண்டியிருந்தது. உன் வேலை ஏற்கெனவே போய்விட்டது. போன வேலை இன்னொரு தடவை போகாது. உன் பெயரை எழுதவில்லை என்பதையும் கவனி. இதனால் நீ சொன்னது பொய் இல்லை என்றும் ஆகிவிட்டது, மவுஸ்தான் ஒட்டியது என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். நீ கேட்டதும் அதுதானே?

நீ என் இடத்தில் இருந்து பார். இதைவிட நல்லதாக எதை எழுதியிருப்பாய்?

அம்மா நன்றாக இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து போ. உன் அண்ணனும் சந்தோஷப்படுவான்.

அண்ணி


மே 19

உதவிப் பொறியாளர் அவர்களுக்கு,

சுற்றறிக்கை கிடைத்தது. நல்ல தமிழ். 'தாமே' என்ற அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு நேரம் யோசித்தீர்கள் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தேன். நீங்கள் வெளியூர் போயிருப்பதாக அண்ணன் சொன்னான். வராண்டாவில் உங்கள் செருப்பு இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை விஷயத்தையும் சொன்னேன். அண்ணன் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான், அவனுக்கும் அதுவரை தெரியாது போலிருக்கிறது. அம்மா அண்ணனைப் பார்த்து, "என்னைக் காட்டியாடா இவ வாயை அடைச்சீங்க?" என்றார். அவன் அப்படியே உள்ளே போய்விட்டான். அம்மா புடவையை மாற்றிக்கொண்டு என்னோடு வந்துவிட்டார். அரசு ஆஸ்பத்திரியில் பதிவு செய்துவிட்டேன். வரிசை நீளம்தான். நான் நின்றுகொள்கிறேன். எனக்குத்தான் வேலை இல்லையே.

மறுநாள் சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு பாட்டுக்காரர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் பேசினார். வாசித்துக் காட்டினேன். வலது பட்டன், நடு பட்டன் எல்லாம் சொன்னேன். அவர் மனைவி, "அப்ப விரல் இல்லையா?" என்றார். விரல்தான், ஆனால் அது வேறு பட்டன் என்றேன். சொல்லும்போதே எவ்வளவு அற்பமாக இருந்தது தெரியுமா?

அவர் கேட்டார், "அதை யாரு கொண்டாந்து வெச்சது?"

"நான்தான் கேட்டேன்" என்றேன்.

"கேட்டது நீ. தெரியுது. வெச்சது யாரு?"

அந்தக் கேள்விக்கு ஒரு தடவை "தெரியல" என்று சொல்லி வேலையை இழந்திருக்கிறேன். அந்த அறையில் அதையே இன்னொரு தடவை சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிட்டேன். என் அண்ணன் மனைவி என்றும் சொன்னேன்.

மன்னித்துவிடுவார் என்று மனதின் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் மன்னிக்கவில்லை. "குடும்பத்துல ஆளாளுக்குக் காப்பாத்திக்கிட்டீங்க. உள்ள இருந்தவன் நான்" என்றார். பிறகு மனைவியைப் பேனா எடுத்து வரச் சொன்னார். மனு எழுதியாகிவிட்டது. மவுஸை எடுத்துப் பையில் போட்டது வரைக்கும் அதில் இருக்கிறது. உங்களைப் போலக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவள் நான் இல்லை. கீழே நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பார்த்துக்கொண்டு நின்றவள் என்று என்னையும் சேர்த்து விசாரிப்பார்களாம், விசாரிக்கட்டும்.

வரும் திங்கட்கிழமை அவரே நேரில் வந்து தலைவரிடம் கொடுக்கிறார். வேறு யாரும் இல்லாததால் சக்கர நாற்காலியை நான்தான் தள்ளிக்கொண்டு வருவேன். உங்கள் அலுவலகத்தின் முன்வாசலில் ஏழெட்டுப் படி இருக்கிறது, அதில் ஏற்ற முடியாது. பின்வாசல் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.